இருபது எண்ணும் வரை

பெங்களூரில் ஒரு தொழிற்சாலை மைதானம். ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கூடைப்பந்து ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கிறது. எங்கள் கோலார் தங்கவயல் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது. பந்து பூபாலன் கையில். ஒருவரைத் தாண்டிவிட்டார். அடுத்தவர் காலை மாற்றி வைத்துத் தடுமாறுகிறார். பூபாலனுக்கும் வளையத்துக்கும் நடுவில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை.

அப்போது தொலைவில் எங்கோ தும் என்று ஒரு சத்தம். காலுக்கடியில் மண் லேசாக நடுங்கியது.

பூபாலன் நின்றுவிட்டார். பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, அசையாமல் நின்றார்.

அவரை உலுக்கி ஓடச் சொல்லட்டும் என்று மற்ற நால்வரையும் தேடினால், அவர்களும் நின்றிருந்தார்கள். ஒருவர் தூக்கிய கையை இறக்கவில்லை. ஒருவர் ஓடிய காலைப் பாதியில் ஊன்றியிருந்தார். ஓரத்து மேசையில் புள்ளி எழுதிக்கொண்டிருந்த நானும் பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

எதிரணிக்காரர் ஒருவர் வந்து, கடையில் பொட்டலம் வாங்குவதுபோல, பூபாலன் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு போய் எங்கள் கூடையில் போட்டார்.

சுற்றி நின்ற பெங்களூர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் மேல் தவறில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்ததுபோலத்தான் இருந்திருக்கும்.

ஒரு வாசகர் கடிதம்

ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இந்தத் தொடரில் படிவங்களும் பதிவேடுகளும் அதிகமாக வருகின்றனவாம், மனிதர்கள் குறைவாக வருகிறார்களாம். சுரங்கத்தின் நேர அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவனிடம் வேறு என்ன எதிர்பார்த்தார் என்று தெரியவில்லை.

சரி, இந்த வாரம் முழுக்க ஒரு மனிதர். படிவங்களும் வரும். படிவம் இல்லாமல் வாழ்ந்த மனிதர் எவரையும் நான் பார்த்ததில்லை.

மேலாளர் ஆன விதம்

கூடைப்பந்துக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் என் மேசைக்கு ஒரு குறிப்பாணை வந்தது. சுரங்கத் தொழிலாளர் கூடைப்பந்து அணிக்கு மேலாளர் ஒருவர் தேவை, ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அலுவலகத்தில் பட்டம் பெற்றவன் நான் ஒருவன்தான். பந்து உருண்டையாக இருக்கும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்று பதில் எழுதினேன். அந்தப் பதிலின் ஆங்கிலம் நன்றாக இருந்ததால் என்னையே நியமித்தார்கள்.

மைதானம் என்பது பாலகாட் சுரங்கத்துக்குப் போகும் பாதையில் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். ஆலையில் அரைத்துத் தங்கத்தை எடுத்தபின் மிஞ்சிய மணலை மேலே பரப்பியிருந்தோம். காற்று அடித்தால் ஐந்து ஆட்டக்காரர்களும் மாவு மில்லில் வேலை செய்தவர்களைப்போல் வெளுத்துவிடுவார்கள். பலகைகள் மரக்கிடங்கின் கழிவுக் கட்டைகளில் செய்தவை. இரும்பு வளையத்தைப் பட்டறையில் அடித்துக் கொடுத்தார்கள். அடித்தவர் அளவை ஒரு விரற்கடை குறைத்துவிட்டார். மாற்றித் தரச் சொல்லி மூன்று விண்ணப்பம் கொடுத்தேன். மூன்றும் இன்னும் பரிசீலனையில் இருக்கின்றன.

அந்தச் சின்ன வளையத்தில் போட்டுப் பழகியவர்கள் வெளியூர் மைதானத்து வளையத்தைப் பார்த்தால், "இன்னாபா இது, கெணறு மாதிரிக்கீது" என்பார்கள். அரசாங்கத்தின் தாமதத்தால் நன்மை விளைந்ததற்கு எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம்.

குனிந்து ஆடியவர்

பூபாலன் நிலத்துக்கடியில் தாது வண்டி தள்ளுபவர். தண்டவாளத்தில் ஓடும் இரும்பு வண்டி. சில இடங்களில் கூரை தலையில் இடிக்கும், அதனால் இடுப்பை மடக்கி, முட்டியை வளைத்துத் தள்ள வேண்டும். ஷிப்டு முடிந்து மேலே வந்து குளித்துவிட்டு மைதானத்துக்கு வருவார். வந்த பிறகும் முதுகு நிமிராது. அப்படியே குனிந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவார். எதிரில் இருப்பவர் பந்தைப் பறிக்க வேண்டுமானால் அவரும் தரையோடு தரையாகக் குனிய வேண்டும். மேலே வெயிலில் வளர்ந்த எவருக்கும் அது முடியாது.

"நிமுந்து ஆடுயா, மேல கூரையா இருக்குது?" என்று கூட்டத்தில் யாராவது கத்துவார்கள்.

"வானம் எப்ப எறங்கும்னு யாருக்குத் தெரியும்?" என்பார் பூபாலன், ஓடிக்கொண்டே.

அவருடைய அப்பா சுரங்கத்தில் இறந்தவர். அண்ணன் கன்னியப்பன், ஷாப்ட் எனப்படும் செங்குத்துக் குழிக்கு உள்ளே மரச் சட்டங்களைப் பழுது பார்க்கும் குழுவில் இருந்தார். அவர்களது பௌத்தக் குடும்பம். அம்மா ராஜம்மா ஞாயிறுதோறும் புத்தர் சங்கக் கட்டடத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார். எனக்கு வழியில் எதிர்ப்பட்டால் ஒரே வாக்கியம்தான்:

"சார், ரெண்டு பசங்களும் கீழ இருக்குறானுங்க. ஒருத்தனாவது மேல இருக்கட்டும்."

மேலே இருப்பதற்கு ஒரு வழி இருந்தது. அதைச் சொல்வதற்குமுன் அந்தக் காலத்து ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும்.

சட்டப்படி அன்று நம் நாட்டில் கூடைப்பந்தைத் தொழிலாகக் கொண்டவர் எவரும் இல்லை. எல்லோரும் பொழுதுபோக்குக்கு ஆடியவர்கள். ஆனால் பெரிய தொழிற்சாலைகள் அணி வைத்திருந்தன. நல்ல ஆட்டக்காரருக்கு உதவிப் பொருத்துநர் என்று வேலை ஆணை கொடுப்பார்கள். அவர் காலையில் கையெழுத்துப் போடுவார், பிற்பகலில் பந்தோடு போய்விடுவார். திருப்புளியை ஆண்டுக்கு நான்கு முறை பார்ப்பார். ஆயுத பூஜையும் அதில் அடக்கம். தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் எங்களுக்குத் தெரிந்தது இதுதான்.

அப்படி ஒரு தொழிற்சாலை பல ஊர் அணிகளை வரவழைத்து ஆட வைத்து, ஒரே ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்தது. வயது இருபத்தைந்துக்கு மேற்படக் கூடாது. பூபாலனுக்கு அந்த மாதக் கடைசியில் இருபத்தைந்து முடிகிறது. அவருடைய பதிவேடு என் அலமாரியில்தான் இருந்தது. பலருக்குப் பிறந்த தேதி உத்தேசமாக எழுதப்பட்டிருக்கும். இவருக்கு மட்டும், நல்ல காலமோ கெட்ட காலமோ, சரியாக எழுதியிருந்தார்கள்.

ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு. இதை விட்டால் வண்டி தள்ளித்தான் ஓய்வு பெற வேண்டும். ஓய்வு பெறும் வரை இருந்தால்.

நாங்கள் எண்ணியது

தங்கவயலில் பிறக்காதவர்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். எங்கள் சுரங்கங்கள் மிக ஆழமானவை. அந்த ஆழத்தில் பாறை சில சமயம் தானாகவே வெடித்துச் சிதறும். வெடி மருந்து வேண்டாம், முன்னறிவிப்பும் கிடையாது. மேலே, தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரங்கள் குலுங்கும். சுவரில் மாட்டிய படம் கோணலாகும். தும் என்ற அந்தச் சத்தம் காதுக்கு வருமுன் காலுக்கு வந்துவிடும்.

சத்தம் கேட்டதும் ஊர் நிற்கும். குழாயடியில் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி நிற்பார்கள். நாவிதர் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துக்கொண்டு நிற்பார். வகுப்பில் ஆசிரியர் பாதி எழுதிய சொல்லோடு நிற்பார். எல்லோரும் மனதுக்குள் எண்ணுவோம். இருபது வரை. அதற்குள் சுரங்கத்தின் சங்கு ஊதவில்லை என்றால் கீழே ஆபத்தில்லை, வேலையைப் பார்க்கலாம். ஊதினால் ஊரே ஷாப்ட் வாசலுக்கு ஓடும்.

இருபது என்று யார் நிர்ணயித்தார்கள்? எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. தேடிப் பார்த்திருக்கிறேன். சில சமயம் சங்கு அரை மணி கழித்தும் ஊதியதுண்டு. ஆனாலும் இருபது எண்ணாமல் காலை எடுத்து வைத்தவர் எவரும் எங்கள் ஊரில் இல்லை.

பெங்களூரில் அன்று கேட்டது, தொழிற்சாலை வளாகத்தில் புதுக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்ட வைத்த பாறை வெடி. அங்கே சுரங்கமும் இல்லை, சங்கும் இல்லை. நாங்கள் ஆறு பேரும் அறுபது மைல் தள்ளி நின்றுகொண்டு எண்ணியிருக்கிறோம்.

எழுத்தில் கொடுங்கள்

தேர்வுக் குழுத் தலைவர் ராணுவத்தில் இருந்து வந்தவர். எல்லோரும் அவரை மேஜர் என்றார்கள். மெத்தப் படித்த மீசை. ஆட்டம் முடிந்ததும் என்னை அழைத்தார்.

"உங்கள் பத்தாம் எண் ஆட்டக்காரர் அருமையாக ஆடினார். அவரைத்தான் எடுப்பதாக இருந்தோம். கடைசியில் என்ன ஆயிற்று? கவனம் சிதறுகிற ஆள் எங்களுக்கு வேண்டாம்."

நான் சுரங்கத்தைப் பற்றிச் சொன்னேன். மேஜர் பொறுமையாகக் கேட்டார். பரிதாபமும் பட்டார். ஆனால் முடிவை மாற்றவில்லை.

அதிகாரிகளோடு வாழ்ந்த அனுபவத்தில் நான் கண்ட ஒன்று: அவர்களிடம் வாதாடிப் பயனில்லை, எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

"சரி சார். விண்ணப்பதாரரை நிராகரித்த காரணத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எங்கள் கோப்புக்கு வேண்டும்."

"எதற்கு எழுத்தில்?"

"அறிவிப்பில் உங்கள் ஐந்தாவது விதியே அப்படித்தான் சொல்கிறது. 'சத்தம் கேட்டு நின்றதால் நிராகரிக்கப்பட்டார்' என்று ஒரு வரி போதும். அந்த நேரத்தில் மைதானத்துக்குப் பக்கத்தில் வெடி வைக்க அனுமதி கொடுத்தது யார் என்பதையும் சேர்த்துவிட்டால் முழுமையாக இருக்கும்."

மேஜர் மீசையை ஒரு பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நாளைக் காலை பத்து மணிக்கு எங்கள் அணி பயிற்சி ஆட்டம் ஆடுகிறது. அவரை வந்து ஆடச் சொல்லுங்கள். இன்னொரு முறை நின்றால், நானே என் கையால் எழுதித் தருகிறேன்."

டிரங்க் கால்

மற்ற நால்வரும் ரயிலேறிவிட்டார்கள். திங்கட்கிழமைக்கும் சேர்த்தே நான் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். நம்பிக்கையினால் என்று நினைக்காதீர்கள், ரயில்களைப் பற்றிய அனுபவத்தினால். ஆனால் பூபாலனுக்குத் திங்கள் காலை ஷிப்டு. சொல்லாமல் வராவிட்டால் அவர் பெயருக்கு எதிரே கட்டம் போட்டு 'ஆப்சென்ட்' எழுத வேண்டியவன் நான். வேலை கிடைக்காமல் திரும்பினால், இருக்கிற வேலையிலும் கரும்புள்ளி.

பதில் ஆள் படிவம் என்று ஒன்று உண்டு. ஒருவர் வர முடியாதபோது, ஓய்வு நாளில் இருக்கும் இன்னொருவர் அவருக்குப் பதிலாக இறங்கலாம். ஷாப்ட் பழுது பார்க்கும் வேலை ஞாயிறுகளில்தான் நடக்கும், அதனால் கன்னியப்பனுக்குத் திங்கள் ஓய்வு. தொழிற்சாலை வாசல் அறையிலிருந்து எங்கள் நேர அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து இணைப்பு கிடைத்தது. ஷாப்டிலிருந்து மேலே வந்திருந்த கன்னியப்பனைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"இன்னா சார், கெலிச்சானா?"

"இல்லப்பா. நடுவுல நின்னுட்டான்."

"நின்னுட்டானா? இன்னாத்துக்கு?"

"தும்முனு ஒரு சத்தம். இங்க பாறைக்கு வெடி வெச்சிருக்காங்க."

கம்பியின் இரைச்சலுக்கு நடுவே கன்னியப்பன் கேட்டார்: "எத்தினி எண்ணினான்?"

"எண்ணி முடிக்கறதுக்குள்ள பந்தைப் புடுங்கிட்டாங்க."

நாளைக் காலை இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, பதில் ஆள் வேண்டும் என்றேன்.

"நான் எறங்குறேன் சார். பாரத்துல கைநாட்டா, கையெழுத்தா?"

"கையெழுத்து. மூணு இடத்துல."

"மூணு இன்னா, முப்பது போடறேன். அவன்கிட்ட சொல்லு, கீழ நான் பாத்துக்குறேன், மேல அவன் பாத்துக்கட்டும்."

இதைப் பூபாலனிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை.

"இன்னா சார் இது. எனுக்குப் பதிலா அண்ணன் கீழ நான் வேலை செய்யற லெவல்ல நிக்கும். நான் இங்க பந்து ஆடிக்கினு இருப்பேனா? நாளைக்கு தும்முன்னா நான் எப்பிடி சார் நிக்காம இருப்பேன்?"

விதிப் புத்தகம்

மேலாளர் என்ற முறையில் எனக்கு ஓர் ஆட்ட விதிப் புத்தகம் தரப்பட்டிருந்தது. அணியில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு ஆடத் தெரியும், அதனால் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மாலை வெளிச்சம் போவதற்குள் மைதானத்தோரப் பெஞ்சில் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

பூபாலன் பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"சார், சாமி புஸ்தகம் மாதிரி படிக்கிற. அதுல இன்னா போட்டுக்கீது?"

"பந்தைக் கையில பிடிச்சிக்கிட்டு அஞ்சு நொடிக்கு மேல நிக்கக் கூடாது."

"அதான் தெரியுமே."

"தட்டிக்கிட்டே நின்னா குத்தமில்ல."

அவர் உரிப்பதை நிறுத்தினார்.

"நிக்கறது தப்புன்னு எங்கயும் இல்ல பூபாலா. பிடிக்கறதுதான் தப்பு. பந்து தரையில பட்டுக்கிட்டு இருந்தா, நீ எங்க வேணும்னாலும் நிக்கலாம், எந்தப் பக்கம் வேணும்னாலும் காது வெச்சிக்கலாம். கூடையைப் பாத்து எறியறதுக்கு மட்டும் முப்பது நொடி கெடு."

"நம்ம இருபது?"

"அதுக்குள்ள அடங்கும்."

பூபாலன் கடலைத் தோலை ஊதிவிட்டு எழுந்தார். பந்தை எடுத்தார். நின்ற இடத்திலேயே, ஒரு சாண் உயரத்தில், தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டுக்கு ஓர் எண் என்று வாய் முணுமுணுத்தது. முதல் தடவை பன்னிரண்டில் பந்து காலில் பட்டு ஓடியது. அடுத்த தடவை பதினாறு. வாசல் காவலாளி வந்து எங்களை வெளியே போகச் சொன்னபோது, கண்ணை மூடிக்கொண்டு இருபது தட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை

காலையில் முதல் வேலையாக வெடி வைக்கும் மேஸ்திரியிடம் போய் விசாரித்தேன். பத்தரை மணி என்றார். கரும்பலகையிலும் பத்தரை என்றே எழுதியிருந்தது. பூபாலனிடம் சொன்னேன்.

"பத்தரைக்கு வெடி. அது வெறும் பாறை வெடிதான். மனசுல வெச்சிக்க."

"மனசுக்குத் தெரியும் சார். காலுக்குத்தான் தெரியாது."

வெடி பத்தேகாலுக்கு வெடித்தது. ஒப்பந்தக்காரரின் கரும்பலகையை நம்பிய என்னைத்தான் சொல்ல வேண்டும்.

பூபாலன் அப்போது பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார். தும். மண் நடுங்கியது. அவர் கால்கள் இரண்டும் ஆணி அடித்ததுபோல் நின்றன. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. மேஜர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றுவதைப் பார்த்தேன்.

ஆனால் பந்து நிற்கவில்லை.

ஒரு சாண் உயரத்தில், சீராக, தட்டுத் தட்டாக அது அடித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் பொட்டலம் வாங்கியதுபோல் வாங்கிக்கொண்டு போனாரே, அந்த உள்ளூர் ஆட்டக்காரர் இன்றும் கையை நீட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார். பந்து அவர் முட்டிக்குக் கீழே இருந்தது. குனிந்தார். பூபாலன் தோளைத் திருப்பிப் பந்தை மறு கைக்கு மாற்றினார். எட்டு. ஒன்பது. இன்னொருவர் வந்தார். அவர் பிடித்தது மண்ணை. பன்னிரண்டு. பூபாலனின் கண் ஆட்களைப் பார்க்கவே இல்லை. கிழக்கே, தொழிற்சாலைக் கூரைகளுக்கு மேலே, எங்கள் ஊர் இருக்கும் திசையில் இருந்தது.

நானும் எண்ணினேன். அறுபது மைலுக்கு அப்பால் ஊதும் சங்கு இங்கே கேட்காது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். கன்னியப்பன் அந்த நேரம் தம்பியின் வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

பூபாலன் போனார். குனிந்த ஒருவருக்கும் குனியாத ஒருவருக்கும் நடுவில் புகுந்து போனார். வளையத்தில் எங்கும் படாமல் பந்து உள்ளே இறங்கியது. மூன்று விண்ணப்பங்களுக்கும் அசையாத பட்டறையை அந்தக் கணம் மன்னித்தேன்.

ஆட்டம் முடிந்தபின் மேஜர் ஆங்கிலத்தில், என் வழியாகப் பூபாலனைக் கேட்டார்: "நடுவில் அப்படி நின்றாயே, என்ன செய்துகொண்டிருந்தாய்?"

"கேட்டுக்கினு இருந்தேன் சார்."

நான் மொழிபெயர்த்தேன். மேஜருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தன் தாளில் அவர் எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன். அது எனக்குக் கைவந்த கலை. 'நெருக்கடியில் அபாரமான நிதானம்' என்று எழுதியிருந்தார். முந்தின நாள் அவர் வாயிலிருந்து வந்தது கவனச் சிதறல். அதே ஆள், அதே சத்தம், அதே நிற்றல். இடையில் வித்தியாசம் பந்து தரையில் பட்டதா, கையில் இருந்ததா என்பது மட்டும்தான்.

மாரிகுப்பம் ஸ்டேஷன்

தேர்வான சந்தோஷம் ரயிலில் பூபாலன் முகத்தில் இல்லை. பங்காருப்பேட்டையில் வண்டி மாறும்போது, பிளாட்பாரத்தில் டீ விற்கும் எங்கள் ஊர்க்காரரைப் பார்த்ததும் பூபாலன் கேட்ட முதல் கேள்வி:

"சங்கு ஊதிச்சா?"

"இல்லபா. இன்னாத்துக்கு?"

அதற்குப் பிறகுதான் டீ குடித்தார்.

மாரிகுப்பத்தில் ரயில் பாதை முடிகிறது. அதற்கு மேல் போக ஊரும் இல்லை. கன்னியப்பன் நின்றிருந்தார், குளித்த தலை காயாமல். கையில் தம்பியின் எண் பொறித்த பித்தளை டோக்கன். கீழே இறங்குபவர் எடுத்துக்கொண்டு போய், மேலே வந்ததும் திருப்பி மாட்ட வேண்டிய டோக்கன். அதை வெளியே எடுத்து வருவது விதிமீறல். சொல்லலாம் என்று வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

"இன்னாடா?" என்றார் கன்னியப்பன்.

"எடுத்துக்கினாங்க."

"நின்னியா?"

"நின்னேன்."

"எண்ணினியா?"

"இருபது."

கன்னியப்பன் அந்த டோக்கனைத் தம்பியின் சட்டைப் பையில் போட்டார். "நாளிக்கி நீயே போயி மாட்டிடு. உன் வண்டி சக்கரம் ஒண்ணு கிறீச்சு கிறீச்சுன்னுது. எப்பிடிடா தள்ளின இத்தினி நாளு?"

ராஜம்மா செய்தி கேட்டு என்ன சொன்னார் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு தட்டு நிறையக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். நான் கருவாடு சாப்பிடாதவன். அன்று சாப்பிட்டேன்.

காரணம் எழுதும் கட்டம்

வேலை ஆணை வந்தபின் சுரங்கத்திலிருந்து விடுவிக்கும் படிவத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். 'நீங்கும் காரணம்' என்ற இடத்தில் அச்சடித்த சொற்கள் சில இருக்கும். மரணம், உடல் தகுதியின்மை, பணிநீக்கம், ஓய்வு. பொருந்தாதவற்றை அடிக்க வேண்டும். நான்கையும் அடித்தேன். நான்கையும் அடித்தது என் பணிக்காலத்தில் அதுவே முதல் முறை. ஓரத்தில் கையால் எழுதினேன்: 'பந்து விளையாடப் போகிறார்.'

மேலதிகாரி அதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

பூபாலன் அந்தத் தொழிற்சாலைக்குப் பல ஆண்டுகள் ஆடினார். மாநில அணியிலும் ஆடினார். டில்லி, கல்கத்தா, பம்பாய் எல்லாம் போய் வந்தார். உதவிப் பொருத்துநர் என்ற பதவியில் இருந்தாலும், கல்கத்தா பயணத்தில் பேருந்தின் கழன்ற கண்ணாடியை அவர்தான் மாட்டினாராம். ஆக, சம்பளத்துக்கு வேலையும் செய்திருக்கிறார்.

அந்த நிற்றல் பிரபலமாகிவிட்டது. ஆட்டத்துக்கு ஒரு முறை, சத்தம் ஏதும் இல்லாமலேயே, நடுவில் நின்று பந்தைத் தாழ்வாகத் தட்டிக்கொண்டிருப்பார். பத்திரிகைகள் அதை எதிரணியைக் குழப்பும் உத்தி என்று எழுதின. பெங்களூர்க் கல்லூரி மைதானங்களில் மாணவர்கள் அதைப் பழகிப் பார்த்தார்கள்.

ஒருமுறை நான் அவரையே கேட்டேன். "இப்பத்தான் வெடி எதுவும் இல்லையே. எதுக்கு நிக்கற?"

"அங்க இடிச்சா இங்க கேக்காதே சார். அதான் ஆட்டத்துக்கு ஒரு தபா எண்ணிடறது."

"அண்ணன்தான் மேல வந்தாச்சே."

"மத்தவங்க இருக்காங்களே."

கன்னியப்பன் அதற்குள் மேலே பட்டறைக்கு மாறியிருந்தார். அந்த மாறுதல் படிவமும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாநிலப் போட்டியைப் பார்க்கக் கன்னியப்பனும் நானும் பெங்களூர் போனோம். பூபாலனுக்கு முப்பது தாண்டியிருந்தது. முன்னந்தலையில் முடி குறைந்திருந்தது, முதுகு மட்டும் அப்படியே வளைந்திருந்தது. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு கல்லூரி மாணவர் தன் நண்பருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "பாரு, இப்ப நிப்பார். நின்னுட்டு, யார் எங்க இருக்காங்கன்னு கணக்குப் போடுவார்."

பூபாலன் நின்றார். தலை கிழக்கே சாய்ந்தது. பந்து தரையோடு தட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் கைதட்டியது.

மாணவரைத் திருத்தலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டேன். அவர் சொன்னது பெரிய தவறும் இல்லை.

பக்கத்தில் கன்னியப்பன் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, உதடு அசைய உட்கார்ந்திருந்தார். பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது.

"போடா," என்றார் மெதுவாக.

பூபாலன் போனார்.